அறுபது வினாடி உற்சாகம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் அக்குறணை வந்துவிடும். வீதியின் இரு பக்கமும் நெருக்கமாகக் கடைகள், கடைகளுக்குப் பின்னால் பிங்கா ஓயா என்ற சிற்றாறு. மலையில் மழை கடுத்தால் அந்த ஓயா கடைவீதிக்குள்ளேயே ஏறிவிடும். ஊரில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள், பலருக்கு வியாபாரமே தொழில். இடங்களை மைல் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை. வீதியையும் அதில் போய்வரும் ஆட்களையும் நம்பி வளர்ந்த ஊர் அது.

2020 மார்ச் இறுதியில் அந்த வீதி வெறிச்சோடியது. நாடு முழுவதும் ஊரடங்கு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அக்குறணையில் கொவிட் நோயாளி ஒருவர் அடையாளம் காணப்பட்டதும் ஊர் முழுவதும் மூடப்பட்டது. இலங்கையில் முதன்முதலில் அப்படித் தனிமைப்படுத்தப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. கடைக்காரர், கணக்காளர், கொழும்பு நிறுவனமொன்றில் கணினி வேலை பார்ப்பவர், ரியூஷன் கொடுக்கும் ஆசிரியை என்று எல்லோரும் வீட்டுக்குள். சாப்பாட்டு மேசை அலுவலகமானது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஓகஸ்டில் இன்ஸ்டகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டெம்பரில் யூடியூப் தன் ஷோர்ட்ஸை இந்தியாவில் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கி, அடுத்த ஆண்டு உலகெங்கும் விரித்தது. டிக்டொக்கை இந்தியா அந்த ஜூனிலேயே தடை செய்திருந்தாலும், இலங்கையில் அது தொடர்ந்து ஓடியது. வீட்டிலிருந்து வேலை செய்வதும் ஒரு நிமிடக் காணொளியும் ஏறத்தாழ ஒன்றாகவே நம் வீடுகளுக்குள் நுழைந்தன. அன்றிலிருந்து காலையில் வேலைக்கு உட்காருமுன் ‘கொஞ்சம் மனம் எழும்பட்டும்’ என்று போனை எடுப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. மலையேறும் ஒருவர், விடியற்காலையில் எழுந்து படிக்கும் மாணவி, தோற்றுத் தோற்று ஜெயித்த கடைக்காரர், பூனைக்குட்டி. இவற்றைப் பார்த்தால் உண்மையிலேயே வேலை செய்யும் மனம் வருமா?

வரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அந்த மனம் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் காணொளியால் நிற்கும் என்பதில்தான் அறிவியல் நமக்கு மிகவும் பயனுள்ளதைச் சொல்கிறது.

வீட்டில் என்ன குறைகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஷங்காயில் சீட்ரிப் என்ற பயண முகவர் நிறுவனம், 2010 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம் ஒரு பரிசோதனை நடத்தியது. தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் ஊழியர்களில் தாமாக முன்வந்து தகுதி பெற்ற 249 பேரைப் பிறந்த திகதியின் ஒற்றை, இரட்டை எண்ணை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டிலிருந்து வேலை, மற்றவர்கள் அலுவலகம். ஆய்வை முன்னின்று நடத்திய ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம், வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 வீதம் கூடியதைக் கண்டார். ஆனால் பரிசோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்றதும் ஏறக்குறையப் பாதிப் பேர் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். பெரிய காரணம் தனிமை. வேலை கூடியிருந்தும் மனிதர்களை அலுவலகத்துக்கு இழுத்தது அதுதான்.

மற்றவர் அருகில் இருப்பது நம் கையை வேகப்படுத்துகிறது என்பது பழைய செய்தி. 1898இல் இந்தியானாவில் நோர்மன் டிரிப்லெட், சைக்கிள் ஓட்டிகள் தனியாக ஓடுவதைவிடப் பிறரோடு சேர்ந்து வேகமாக ஓடுவதைப் பதிவுகளில் கவனித்து, பிறகு சிறுவர்களைத் தூண்டில் சக்கரம் சுற்றவைத்துப் பார்த்தார். 1965இல் உளவியலாளர் ரொபர்ட் சயன்ஸ் அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்: கைவந்த வேலை பிறர் முன்னிலையில் சிறக்கும், கற்றுக்கொண்டிருக்கும் வேலை தடுமாறும். கடைவீதியில் பக்கத்துக் கடையின் தகரக் கதவு உயரும் சத்தமே ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லிவிடும். வீட்டின் பின்னறையில் அந்தச் சத்தம் இல்லை. அதனால்தான் ஒருவர் பேசாமல் மேசையில் இருந்து மணிக்கணக்காகப் படிக்கும் காணொளிகளை இத்தனை பேர் ஓடவிட்டு அருகில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பார்க்கப்படுவதற்காக அல்லாமல் கூட இருப்பதற்காக ஓடும் காணொளி அது. கணக்கு எழுதுவது, தையல், விடைத்தாள் திருத்துவது போன்ற பழகிய வேலைகளுக்கு அது துணையாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். புதிதாக ஒன்றைக் கற்கும்போது அணைத்துவிடுவதே நல்லது.

இனி, குறுங்காணொளி தரும் உற்சாகம். 2015இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா மிரிக், ஏறத்தாழ 7,000 பேரிடம் பூனைக் காணொளிகள் பற்றி விசாரித்தார். பார்த்தபின் உடலில் தெம்பு கூடியது, கவலை குறைந்தது என்றார்கள் பலர். வேலையைத் தள்ளிப்போடுவதற்காகப் பார்த்தவர்களுக்குக் குற்றவுணர்வும் வந்தது. ஆனாலும் பூனை தந்த மகிழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்தது. இவை பார்த்தவர்கள் தாமே சொன்னவை, அளவுகோல் வைத்து அளந்தவை அல்ல. அளந்து பார்த்த ஆய்வு ஜப்பானில் இருக்கிறது. 2012இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோ, சாமணத்தால் சிறு பொருட்களைத் தட்டாமல் எடுக்கும் விளையாட்டை மாணவர்களுக்குக் கொடுத்தார். நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் கை 44 வீதம் திருந்தியது. வளர்ந்த மிருகங்களின் படம் பார்த்தவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. குட்டிகளைக் கண்டால் நாம் மெதுவாகவும் கவனமாகவும் நடந்துகொள்கிறோம், அந்தக் கவனம் அடுத்த வேலைக்கும் தொடர்கிறது என்பது அவருடைய விளக்கம்.

தோற்று எழுந்தவர்களின் கதைகளைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஆய்வாளர் ஏபி பிரெஸ்டின் 2013இல் வெளியிட்டது. ஐந்து நாட்கள், நாளுக்கு ஒரு சிறு காணொளி: பின்தங்கிய நிலையிலிருந்து போராடி முன்னுக்கு வந்தவர்கள் பற்றியது. பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கூடியது. அந்த நம்பிக்கை கூடியவர்களுக்குத் தம் சொந்த இலக்கை நோக்கி உழைக்கும் மனமும் கூடியது, கடைசிக் காணொளி முடிந்து மூன்று நாள் வரைக்கும். ‘நாளுக்கு ஒன்று’ என்ற அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் போன் அந்த அளவில் நிற்பதில்லை.

இரண்டாவது காணொளி, பத்தாவது காணொளி என்று போகும்போது மூளையில் நடப்பது வேறு. சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சாறு வரும்போது பேசாமல் இருந்துவிட்டு விளக்குக்குத் துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. 1997இல் வெளியான அந்த விளக்கத்தின்படி டோபமின் அளப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இன்னொன்றைக் காட்டினார்: வேண்டும் என்று இழுக்கப்படுவதும் கிடைத்ததில் இன்புறுவதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். டோபமின் முதலாவதின் பக்கம் நிற்கிறது. அடுத்த காணொளி நன்றாக இருக்குமா இருக்காதா என்று தெரியாத திரையில், விரல் தள்ளிக்கொண்டே இருப்பதற்கும், அரைமணி நேரம் கழித்து ‘என்ன பார்த்தோம்’ என்று சலிப்பதற்கும் இந்தப் பிரிவு ஒரு நல்ல விளக்கம்.

அந்தச் சலிப்பை டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் கேட்டி டாமும் மைக்கல் இன்ஸ்லிக்டும் 2024இல் நேராகவே சோதித்தார்கள். 1,200க்கும் மேற்பட்டோர், ஏழு பரிசோதனைகள். பத்து நிமிடக் காணொளி ஒன்றை முழுதாகப் பார்த்தவர்களைவிட, ஏழு சிறு காணொளிகளுக்கிடையே விரும்பியபடி தாவியவர்களுக்கே சலிப்பு அதிகம், திருப்தி குறைவு. தாவினால் சலிப்பு போகும் என்றுதான் எல்லோரும் முன்கூட்டி நினைத்தார்கள்.

என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது மியூனிக்கில் ஃபிரான்செஸ்கோ கியோஸியும் கூட்டாளிகளும் 2023இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் சோதித்தது ‘செய்யவேண்டும்’ என்று மனத்தில் வைத்திருக்கும் நினைவை. அடுப்பை அணைக்கவேண்டும், பதினொரு மணிக்கு வாடிக்கையாளருக்கு அழைக்கவேண்டும் என்ற வகை. அறுபது பேர். ஒரு வேலையைச் செய்துகொண்டே, குறிப்பிட்ட அடையாளம் வந்தால் வேறொன்றைச் செய்ய நினைவில் வைக்கவேண்டும். நடுவில் பத்து நிமிட இடைவேளை. சிலர் சும்மா இருந்தார்கள், சிலர் டுவிட்டர், சிலர் யூடியூபில் நீண்ட காணொளி, சிலர் டிக்டொக். இடைவேளைக்குப் பின் டிக்டொக் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த நினைவு தெளிவாகக் குன்றியது. ஆய்வு சிறியது, இன்னும் பலர் திரும்பச் செய்து பார்க்கவேண்டியது. ஆனால் அது காட்டும் இடம் முக்கியமானது. வேலைக்கு மனம் எழும்ப வேண்டும் என்று போனைத் திறக்கிறோம். மனம் எழும்புகிறது. ஆனால் எதற்காக எழும்பினோமோ அந்த எண்ணத்தையே அடுத்தடுத்து வரும் காணொளிகள் கழற்றிவிடுகின்றன. அடுப்பு மூட்டக் கொளுத்தும் கடதாசி எவ்வளவு சுடர்விட்டாலும், அது எரிந்து முடியுமுன் விறகை வைக்காவிட்டால் அடுப்பு ஆறிப்போகும்.

இடைவேளையே கூடாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது. ருமேனியாவின் பட்ரீசியா அல்புலெஸ்குவும் கூட்டாளிகளும் பத்து நிமிடத்துக்குட்பட்ட இடைவேளைகள் பற்றிய 22 ஆய்வுத் தொகுதிகளை, 2,335 பேரின் தரவுகளோடு 2022இல் ஒன்றுசேர்த்தார்கள். தெம்பு கூடுகிறது, களைப்பு குறைகிறது. வேலையின் தரம் எல்லா வகை வேலையிலும் உயர்ந்துவிடவில்லை. மூளையை வாட்டும் வேலைக்குப் பத்து நிமிடம் போதவும் இல்லை.

இப்போது, எந்தக் காணொளி என்ற கேள்வி. ‘நீங்களும் வெல்வீர்கள்’ என்று வெற்றியின் உச்சியை மட்டும் காட்டும் காணொளிகளே இன்று அதிகம். புதிய வீடு, வெளிநாட்டுக் கார், கைதட்டல். ஜெர்மனியில் பிறந்து நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கப்ரியேல் ஓட்டிங்கன், இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். 1991இல் தோமஸ் வாடனோடு சேர்ந்து, எடை குறைக்கச் சிகிச்சை பெற்ற 25 பெண்களைப் பின்தொடர்ந்தார். ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மெலிந்த உடலோடு தோழியரைச் சந்திப்பதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட ஏறத்தாழ 11 கிலோ குறைவாகவே இறங்கியது. 2011இல் ஹெதர் காப்பஸோடு அவர் இரத்த அழுத்தத்தையே அளந்தார். வெற்றியை இனிமையாகக் கற்பனை செய்தவர்களின் மேலழுத்தம் தணிந்தது. உடல் இளைப்பாறிவிட்டது, வேலை முடிந்துவிட்டதுபோல. ஆடம்பர வெற்றிக் காணொளிகளிடம் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு இந்த அளவீடே காரணம்.

செய்முறைக் காணொளிகளிலும் ஒரு பொறி உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கல் கார்டஸும் எட் ஓபிரையனும் 2018இல், மேசைவிரிப்பை மேலிருக்கும் பாத்திரம் விழாமல் உருவி எடுப்பது, அம்பெறிவது, மூன்வோக் ஆடுவது போன்ற காணொளிகளைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்கு ‘எனக்கு இது வரும்’ என்ற நம்பிக்கை உயர்ந்தது. செய்துபார்த்தால் கைத்திறன் உயரவே இல்லை. இந்த மிகை நம்பிக்கையை இறக்கியது எளிய ஒரு செயல்: கட்டைகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் காணொளியைப் பார்த்தபின் அந்தக் கட்டையைக் கையில் பிடித்துப் பார்க்க விட்டார்கள். அதன் கனம் தெரிந்ததும் மதிப்பீடு நிதானத்துக்கு வந்தது. அக்குறணையில் வீட்டிலிருந்து அபாயா தைத்து விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கழுத்துப் பட்டி வெட்டும் காணொளியை அவள் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே துண்டுத் துணியில் கத்தரிக்கோலை வைத்தால், அடுத்த முறை பார்க்கும்போது எங்கே கண்ணை வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்துப் பேரின் காணொளியைப் பார்த்தால் தெரியாது.

இங்கே ஒரு கசப்பான நினைவையும் சொல்லியாகவேண்டும். குறுங்காணொளி நம்மை அசைப்பது அதன் நல்ல நோக்கத்தால் அல்ல, அது எழுப்பும் உணர்ச்சியின் வேகத்தால். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோனா பேர்கரும் கேத்ரின் மில்க்மனும் நியூயோர்க் டைம்ஸின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள்: வியப்பு, கோபம், பதற்றம் என்று உடலைக் கிளர்த்தும் உணர்ச்சியைத் தருபவை அதிகம் பகிரப்படுகின்றன, சோகம் குறைவாக. வியப்பைப் போலவே கோபமும் வேகமாக ஓடும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனயிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வதந்தியும் வெறுப்புக் காணொளிகளும் பேஸ்புக்கில் ஓடின. மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராமை முடக்கி, ஒரு வாரத்துக்கு மேல் கழித்தே முழுமையாகத் திறந்தது. அந்த வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. ஒரு காணொளி முடிந்ததும் உடல் துள்ளுகிறது என்பதாலேயே அது நமக்கு நல்லது செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அக்குறணைக்கு அது நன்றாகவே தெரியும்.

மனம் வந்தபின்தான் வேலை என்ற எண்ணத்தையே உளவியல் ஓரளவு தலைகீழாக்கிவிட்டது. 1970களில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூவின்சோன், மனச்சோர்வில் இருப்பவர்களைச் சிறு சிறு செயல்களில் மீண்டும் இறக்கிப் பார்த்தார். 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்ஸனும் கூட்டாளிகளும், மனச்சோர்வுள்ள ஏறத்தாழ 150 பேரிடம் அதைச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சை எவ்வளவு பலன் தந்ததோ, செயலில் இறக்கும் பகுதி மட்டுமே ஏறத்தாழ அவ்வளவு பலன் தந்தது. அன்றாடச் சோம்பலும் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஆனாலும் கை தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்ற வரிசை இரண்டுக்கும் பொருந்தும் என்றே நான் நம்புகிறேன்.

கையைத் தொடங்க வைக்க, உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சொன்ன வழி மிக எளியது: ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே கட்டிவிடுவது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்தபோது, வெறும் தீர்மானத்தைவிட இந்த வகைத் திட்டம் கணிசமாக நன்றாக வேலை செய்தது. அக்குறணையில் இதற்கான குறிகள் நாளில் ஐந்து முறை ஒலிக்கின்றன. லுஹர் வாங்கு சொன்னதும் எழும்பி, தொழுது, முஸல்லாவைச் சுருட்டி வைத்தவுடன் மடிக்கணினியைத் திறப்பேன் என்று வைத்துக்கொள்பவருக்கு, தொடங்கும் நேரத்தைப் பற்றி மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. காணொளிக்கும் அப்படியே ஓர் இடம் கொடுக்கலாம்: அஸருக்கு முன் பிளேன்டியோடு ஒன்று, கோப்பையைக் கழுவி வைத்ததும் வேலை. அந்த ஒன்றும் முன்கூட்டியே தெரிந்தெடுத்துத் தரவிறக்கி வைத்ததாக இருந்தால் நல்லது. தரவிறக்கிய காணொளி முடிந்த இடத்தில் நிற்கும், அடுத்ததைத் தானாகக் கொண்டுவராது.

இப்படி அளந்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே திணறியபோது, அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அதற்கு முன், மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. அப்போது போனின் சார்ஜையும் டேட்டாவையும் எண்ணி எண்ணிச் செலவழித்தோம். அந்தக் கஷ்டத்தை யாரும் திரும்ப விரும்பமாட்டோம். கரண்ட் இருக்கும் நேரத்தில் எதை முதலில் செய்வது என்று மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கடைசியாக, யாரைப் பார்க்கிறோம் என்பது. கல்வி உளவியலாளர் டேல் ஷங்க் 1980களில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளோடு செய்த ஆய்வுகளில், ஆசிரியர் செய்துகாட்டியதைவிடத் தம் வயதுப் பிள்ளை ஒன்று செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கையும் திறமையும் அதிகம் கூடின. முதலில் தடுமாறி, வாய்விட்டு யோசித்து, பிறகு சரிப்படுத்தும் பிள்ளையையே அவர்கள் தம்மைப் போன்றவராகக் கண்டார்கள். கலிபோர்னியாவில் காலை ஐந்து மணிக்குக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும் இளைஞனிடம், ஏழாம் கட்டையில் இரண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் ஓர் உம்மாவுக்குத் தன் சாயல் எதுவும் தெரியப்போவதில்லை. கட்டுகஸ்தோட்டையிலோ மாத்தளையிலோ ஒருத்தி, சரிவராத கணக்கைத் திரும்பக் கூட்டி, பிள்ளை நடுவில் கூப்பிட எழும்பிப் போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவதை, தமிழில், வெட்டாமல் ஒட்டாமல் மூன்று நிமிடம் காட்டினால் அது அவளுக்கு எவ்வளவோ கிட்டியதாக இருக்கும். அப்படிப்பட்ட காணொளிகள் நம் மொழியில் இன்னும் மிகக் குறைவு. எடுப்பதற்குச் சாப்பாட்டு மேசையும் ஒரு போனும் போதும்.